மூன்று சாவுகளில் பிறந்த ஆஸ்பத்திரி

டாலிகஞ்சில் குடியிருக்கும் தமிழர்களுக்குச் சம்பளம் இல்லாத வேலை ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பத்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் போய், வேலூருக்குப் போவது என்று முடிவாகிவிட்டால், முதலில் தட்டப்படும் கதவு தமிழர் வீட்டுக் கதவுதான். காட்பாடியில் இறங்கி எப்படிப் போவது? தங்குவதற்கு அறை கிடைக்குமா? சோற்றுக்கு மீன் கிடைக்குமா? வலிக்கிறது என்பதற்குத் தமிழில் என்ன? எல்லாவற்றையும் கேட்டு, ஒரு தாளில் வங்காள எழுத்தில் குறித்துக்கொண்டு போவார்கள்.

தெற்கே போகும் ரயில்களில் எக்ஸ்ரே உறையும் மருந்துச் சீட்டுக் கட்டுமாக இந்தக் குடும்பங்கள் ஏறுவதைப் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார்கள். ஹவுராவிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கே சுமார் 1,660 கிலோமீட்டர். அங்கிருந்து காட்பாடிக்கு இன்னும் 130 கிலோமீட்டர். வேலூரில் ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜுகளிலும் ஓட்டல்களிலும் வங்காள எழுத்துப் பலகைகள் தொங்குகின்றன. நம் ஊரில் நமக்கே படிக்கத் தெரியாத பலகைகள்!

இத்தனை பேரை இத்தனை தூரம் இழுக்கும் அந்தக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, நோயாளி டாக்டரிடம் வராத காரணத்தால் பிறந்தது என்றால் ஆச்சரியமாக இருக்கும். உண்மை அதுதான். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் வைத்தியம் எட்டாமல் இறந்தார்கள். அந்த மூன்று சாவுகளையும் மறக்க முடியாத ஓர் இளம்பெண் தன் ஆயுள் முழுவதையும் செலவழித்து எழுப்பியது அந்த ஆஸ்பத்திரி. அவர்தான் டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார்.

தாது வருஷத்துக் குழந்தை

ஐடா 1870-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள். தாத்தா ஜான் ஸ்கட்டர் நியூயார்க்கில் டாக்டராக இருந்தவர். 1819-ல் அந்தத் தொழிலை விட்டுக் கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வைத்தியமும் மத ஊழியமும் செய்தார். 1836-ல் சென்னைக்கு வந்தார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே வழியில் தமிழ் மண்ணிலேயே உழைத்தார்கள். ஐடாவின் தந்தையும் டாக்டர்தான். அவர் பெயரும் ஜான்.

அண்ணன்மார் நடுவே ஒரே பெண்ணாக வளர்ந்த ஐடாவுக்கு ஆறு வயதானபோது தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைச் சூறையாடிய அந்தப் பஞ்சத்தில் மாண்டவர்கள் லட்சக்கணக்கில். பசியால் சுருண்டு கிடந்த குழந்தைகளுக்குச் சிறுமி ஐடா தன் கையால் ரொட்டித் துண்டுகளைக் கொடுத்தார். கையை நீட்டி வாங்கவும் தெம்பில்லாத குழந்தைகள் இருந்தார்கள். அந்தக் காட்சி வெகுகாலம் அவரை விட்டு அகலவில்லை. இந்த நாடு என்றாலே பயமும் துயரமும்தான் என்ற எண்ணம் அந்த வயதிலேயே பதிந்துவிட்டது.

1878-ல் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகளில் பெற்றோர் மீண்டும் இந்தியா வந்தார்கள். ஐடா அங்கேயே தங்கி, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு என்ற ஊரில் பெண்கள் பள்ளியில் படித்தார். குடும்பத்தில் எல்லாரும் ஊழியத்துக்குப் போனாலும் தான் போவதில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். நல்ல உடை, தோழிகள், பிறகு கல்யாணம் என்று எல்லாப் பெண்களையும் போல வாழவே ஆசைப்பட்டார்.

1890-ல் தாய்க்கு உடல்நலம் கெட்டது. தாயைக் கவனித்துக்கொள்ள ஐடா திண்டிவனத்துக்கு வந்தார். அம்மா தேறியதும் கப்பலேறிவிடுவது என்றுதான் வந்தார்.

திண்டிவனத்தில் ஓர் இரவு

ஓர் இரவு அவர் விளக்கடியில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் ஒரு பிராமண இளைஞர் வந்து நின்றார். அவருடைய மனைவி சிறுபெண். பிரசவ வேதனையில் துடிக்கிறாள். மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஐடா அம்மா வந்து காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார். தனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போகலாம் என்று ஐடா சொன்னார். இளைஞர் மறுத்துவிட்டார். வேற்று ஆண் தன் மனைவியின் முகத்தைப் பார்ப்பது அவர்கள் வழக்கத்துக்கு ஆகாது. அதைவிட அவள் சாவதே மேல் என்று சொல்லித் திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள். அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னோர் இந்து வந்தார். அவருடைய மனைவிக்கும் பிரசவம். அவரும் ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்.

அன்றிரவு ஐடா தூங்கவில்லை. விடிந்ததும் ஊருக்குள்ளிருந்து பறைச் சத்தம் கேட்டது. வேலைக்காரரை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டாக்டர் அதே வீட்டில் இருந்தார். மருந்தும் கருவியும் இருந்தன. வரவும் அவர் தயாராக இருந்தார். அப்படியிருந்தும் வைத்தியம் அந்த மூன்று பேரையும் எட்டவில்லை. கணவன்மாரைத் திட்டுவது சுலபம். ஆனால் மனைவியைக் காப்பாற்ற நள்ளிரவில் துரை வீட்டுக் கதவைத் தட்டியவர்களும் அவர்களேதான். நடுவில் ஒரு சுவர் நின்றது. அந்தச் சுவரைத் தாண்டிப் போகக்கூடியவர் ஒரு பெண் டாக்டர் மட்டுமே. திண்டிவனத்தில் அப்படி ஒருவரும் இல்லை.

மறுநாள் ஐடா பெற்றோரிடம் தன் முடிவைச் சொன்னார். அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கேயே திரும்பி வருவது என்பது அந்த முடிவு.

கல்கத்தாவிலும் அதே கதை

இது திண்டிவனத்துக்கு மட்டும் உரிய கதை அல்ல. கோஷா வழக்கம் வேரூன்றியிருந்த கல்கத்தாவிலும் நிலைமை இதுதான். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. கல்கத்தாவில் காதம்பினி கங்கூலி அம்மையார் பெரிய எதிர்ப்புக்கு நடுவே மருத்துவக் கல்லூரியில் படித்து 1886-ல் தேறினார். வைசிராயின் மனைவி டஃப்ரின் சீமாட்டி, பெண்களுக்குப் பெண்களைக் கொண்டே வைத்தியம் செய்ய 1885-ல் ஒரு நிதி தொடங்கினார். கல்கத்தாவில் அவர் பெயரால் பெண்கள் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. காதம்பினி அம்மையார் அங்கே பணியாற்றினார்.

ஆனால் இவையெல்லாம் பெரிய பட்டணங்களில் நடந்தவை. ஜில்லாவிலும் தாலுகாவிலும் இருந்த பெண்களுக்கு அவை எட்டாத தூரம்.

ஐடா 1895-ல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1898-ல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி முதன்முதலாகப் பெண்களுக்கு இடம் கொடுத்தபோது அங்கே மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். புறப்படுமுன் வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டினார். ஷெல் என்ற பாங்க் முதலாளி, காலஞ்சென்ற தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ம் ஆண்டு பிறக்கும் வேளையில் ஐடா இந்தியாவில் கால் வைத்தார். தோழி ஆனி ஹான்காக் உடன் வந்தார்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி

தந்தையிடம் சில காலம் தொழில் பழகலாம் என்று எண்ணியிருந்தார் ஐடா. அந்த ஆண்டே தந்தை இறந்துபோனார். வயது 29. கையில் புதுப் பட்டம். வழிகாட்ட ஒருவரும் இல்லை. வேலூர் பங்களாவில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஓர் அறையை மருந்தகமாக்கி உட்கார்ந்தார்.

பெண் டாக்டர் வந்துவிட்டார். பெண்கள் கூட்டமாக வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை.

திண்டிவனத்துச் சுவர் ஒன்றே ஒன்று என்று ஐடா நினைத்திருந்தார். வேலூரில் அதற்குப் பின்னால் இன்னும் பல சுவர்கள் தெரிந்தன. வெள்ளைக்காரப் பெண்ணுக்கு நம் உடம்பைப் பற்றி என்ன தெரியும் என்ற சந்தேகம். கத்தி வைத்துவிடுவார்களோ என்ற பயம். அவர்கள் கை பட்ட தண்ணீரில் கலந்த மருந்தைக் குடிக்கலாமா என்ற தயக்கம். மதம் மாற்றிவிடுவார்களோ என்ற அச்சம். அவர் மத ஊழியச் சங்கத்தால் அனுப்பப்பட்டவர்தான். ஆகவே அந்த அச்சத்தையும் காரணமில்லாதது என்று தள்ளிவிட முடியாது.

இந்தச் சுவரில் முதல் வாசலைத் திறந்தவர் படித்த மேதை அல்ல. பங்களாவில் வேலை செய்தவர் ஒருவரின் மனைவி. பெயர் சலோமி. ஐடாவுக்கு முதல் உதவியாளர் இவர்தான். நர்சு, கம்பவுண்டர், ஆயா எல்லாம் ஒருவரே. ஊர்ப் பெண்களின் பாஷையும் பழக்கமும் அவருக்குத் தெரியும். அவர்களில் ஒருவராகவே இருந்ததால் அவர் சொன்னால் அவர்கள் நம்புவார்கள். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் இப்படி ஒருவர் நிற்க வேண்டும் என்பதை ஐடா அந்தச் சிறு அறையில் கற்றுக்கொண்டார். எந்தக் கல்லூரியும் அவருக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

இரண்டே ஆண்டுகளில் அந்த அறையில் சுமார் 5,000 பேருக்கு வைத்தியம் நடந்தது. 1902-ல் ஷெல் கொடுத்த பணத்தில் கட்டிய மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி 40 படுக்கைகளோடு திறக்கப்பட்டது.

பிசாசு வண்டி

ஆஸ்பத்திரி வந்த பிறகும் அவருக்கு நிம்மதி இல்லை. வந்தவர்களில் பலர் காலம் கடந்தே வந்தார்கள். வீட்டு வைத்தியம், மந்திரித்தல், நாட்டு மருந்து எல்லாம் பார்த்து முடித்து, கடைசியில் மாட்டு வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு வருவார்கள். ஒரு வாரம் முன்பு வந்திருந்தால் பிழைத்திருக்கும் குழந்தை வாசலிலேயே உயிரை விட்டுவிடும்.

ஏன் முன்பே வரவில்லை? சோம்பலால் அல்ல. இருபது மைல் தள்ளியுள்ள கிராமத்துக் கூலிக்காரர் வேலூருக்கு வர ஒரு நாள், திரும்பிப் போக ஒரு நாள். இரண்டு நாள் கூலி போனால் வீட்டில் அடுப்பு எரியாது. வண்டிக்கு வாடகை கொடுக்கக் காசு ஏது? இலவச வைத்தியம் என்றாலும் அதைப் போய்ச் சேர்வதற்கு விலை உண்டு. அன்றாடம் உழைத்துச் சாப்பிடும் எவருக்கும் இது தெரியும். நோயாளி வர முடியாவிட்டால் ஆஸ்பத்திரிதான் போக வேண்டும் என்று ஐடா தீர்மானித்தார்.

வேலூரிலிருந்து குடியாத்தம் போகும் சாலையில் வாரம் ஒருநாள் மருந்துப் பெட்டியுடன் புறப்பட்டார். 1910-க்குள் பியூஜோ என்ற சிறிய பிரெஞ்சு மோட்டார் கார் அவருக்குக் கிடைத்தது. மாடும் குதிரையும் இல்லாமல் புகை கக்கிக்கொண்டு ஓடிவரும் வண்டியைக் கண்டு கிராமத்தார் பிசாசு என்று அலறி வயல்களுக்குள் ஓடினார்கள். சில வாரங்களில் அந்தப் பயம் தெளிந்தது. பிறகு அதே சாலையில் மரத்தடிகளில் கூட்டம் காத்திருக்கத் தொடங்கியது. புண்ணுக்குக் கட்டு, கண்ணுக்கு மருந்து, கட்டிக்குக் கீறல் என்று சாலை ஓரத்திலேயே வேலை நடந்தது. தொழுநோயாளிகளும் வந்தார்கள். ஊர் எல்லைக்குள் நுழைய முடியாதவர்களுக்கு அந்த மரத்தடி ஒன்றுதான் ஆஸ்பத்திரி.

நர்சு வேலைக்கு யார் வருவார்?

1909-ல் டீலியா ஹவுட்டன் என்ற அமெரிக்க நர்சின் துணையோடு வேலூரில் நர்சுப் பள்ளி தொடங்கியது. பெண் டாக்டர் கிடைப்பதைவிட நர்சு கிடைப்பது அந்நாளில் கடினம். பிறர் மலத்தையும் ரத்தத்தையும் தொடும் வேலை தீட்டு என்று உயர்ந்த குடும்பங்கள் ஒதுங்கின. இரவில் வெளியே தங்கி வேலை பார்க்கும் பெண்ணைப் பற்றி ஊர் பேசியது. ஆரம்பத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவப் பெண்கள். அவர்களிலும் கல்யாணத்துக்கு இடையூறு ஆகும் என்று அஞ்சிய வீடுகள் உண்டு.

இந்த வேலையின் அருமையை ஐடா நன்கு அறிந்திருந்தார். டாக்டர் ஒரு நோயாளியைப் பார்ப்பது சில நிமிஷம். இரவெல்லாம் பக்கத்தில் இருப்பவர் நர்சு. வீட்டில் யார் சொன்னால் நடக்கும், மருந்தை ஏன் நிறுத்தினார்கள், அடுத்த தடவை வரப் பணம் இருக்கிறதா என்ற விவரங்கள் நர்சின் காதில்தான் விழும். நோயாளி வராத காரணத்தை அறிய வேண்டுமானால் நர்சைத்தான் கேட்க வேண்டும்.

நாடு எந்த நிலையில் இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. சுதந்திரத்துக்கு முந்தைய ஆண்டான 1946-ல் வெளியான போர் கமிட்டி அறிக்கையின்படி, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில் சுமார் 6,300 பேருக்கு ஒரு டாக்டர் இருந்தார். நர்சுகளோ மொத்தமே ஏறக்குறைய 7,000. அதாவது 43,000 பேருக்கு ஒருவர். ஒரு சிறு நகரம் முழுவதற்கும் ஒரே ஒரு நர்சு!

அதே 1946-ல் வேலூர் நர்சுப் பள்ளி கல்லூரியாகிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு முதலில் ஏற்பட்டது இரண்டு இடங்களில். ஒன்று டில்லி, மற்றது வேலூர்.

மூன்று பேர் வந்தால் பெரிது

தான் ஒருத்தி எத்தனை பேரைப் பார்க்க முடியும் என்ற கேள்வி ஐடாவை விடவில்லை. இந்தியப் பெண்களையே டாக்டராக்க வேண்டும் என்று புறப்பட்டார். மருத்துவப் பள்ளிக்கு அனுமதி கேட்டபோது, சென்னை ராஜதானியின் சர்ஜன் ஜெனரல் சிரித்தார். மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிது என்பது அவர் எண்ணம். வந்த விண்ணப்பங்கள் 151!

1918-ம் ஆண்டு ஆகஸ்ட் 12-ந் தேதி கவர்னர் பென்ட்லாண்டு பிரபு பள்ளியைத் திறந்துவைத்தார். சொந்தக் கட்டிடம் இல்லை. கருவிகள் போதாது. ஐடாவே பெரும்பாலான பாடங்களை நடத்தினார். முதலாண்டுப் பரீட்சை வந்தது. ராஜதானியின் ஆண்கள் பள்ளிகளில் ஐந்தில் ஒருவரே தேறுவது வழக்கம், எனவே மனம் தளர வேண்டாம் என்று முன்கூட்டியே ஆறுதல் சொல்லப்பட்டது. வேலூர்ப் பெண்கள் 14 பேர் பரீட்சை எழுதினார்கள். 14 பேரும் தேறினார்கள். 1922-ல் அவர்கள் படிப்பை முடித்து வெளியே வந்தபோது, திண்டிவனத்து இரவுக்கு முப்பது ஆண்டுகள் கழித்துப் பதில் கிடைத்தது.

1920-களில் ஊர் நடுவே புது ஆஸ்பத்திரி எழுந்தது. 1928-ல் காந்தியடிகள் வந்து பார்த்தார். பின்னர் பாகாயத்தில் மலையடிவாரத்தில் கல்லூரி வளாகம் அமைந்தது.

எழுபது வயதில் மறுபடியும்

எல்லாம் நிலைபெற்றுவிட்டது என்று எண்ணிய வேளையில் இடி விழுந்தது. 1938-ஐ ஒட்டிச் சென்னை மாகாண அரசு பழைய டிப்ளமா மருத்துவப் படிப்பை நிறுத்த முடிவு செய்தது. இனிமேல் டாக்டர் என்றால் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும். கல்விக்கு நல்ல சீர்திருத்தம்தான். ஆனால் பட்டப்படிப்பு நடத்த உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்களும் பெரிய ஆஸ்பத்திரியும் ஆய்வுக்கூடங்களும் வேண்டும். வேலூருக்கு அந்த வசதி இல்லை. மூட வேண்டியதுதான் என்று பலர் எண்ணினார்கள்.

1941-ல், உலக யுத்தத்துக்கு நடுவே, எழுபது வயதில் ஐடா அமெரிக்காவுக்குப் போனார். ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டினார். அங்கே அவருக்கு இன்னொரு சோதனை காத்திருந்தது. நிலைமையைச் சமாளிக்க ஆண்களையும் சேர்த்துக்கொண்டு பொதுக் கல்லூரியாக நடத்தலாம் என்ற யோசனை வந்தது. பல ஆண்டுகளாகப் பணம் திரட்டித் தந்த தோழி லூசி பீபாடி அம்மையார் இதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த பணம் ஆண்களுக்குப் போகலாமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. ஐடாவின் வாழ்வும் அதே எண்ணத்தில்தான் தொடங்கியது.

கடைசியில் ஐடா பொதுக் கல்லூரியின் பக்கம் நின்றார். நெடுநாள் நட்பு முறிந்தது. பெண்களுக்கு மட்டும் என்று பிடிவாதம் பிடித்தால் யாருக்குமே இல்லாமல் போய்விடும் என்று கண்டபோது, தான் கட்டிய சுவரையும் இடிக்க அவர் தயங்கவில்லை. 1942-ல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947-ல் ஆண்களும் சேர்ந்தார்கள்.

1946-ல் ஐடா ஓய்வு பெற்றார். அடுத்து விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியரானார். ஐடா கொடைக்கானலில் தன் வீட்டில் வாழ்ந்து, 1960-ம் ஆண்டு மே மாதம் 89-வது வயதில் காலமானார். இந்திய அரசு 2000-ம் ஆண்டு அவர் தொடங்கிய நிறுவனத்தைச் சிறப்பித்துத் தபால்தலை வெளியிட்டது.

மூன்று தாமதங்கள்

அம்மையார் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1994-ல், அமெரிக்காவில் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரண்டு பெண்மணிகள் ஏழை நாடுகளின் பிரசவ மரணங்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தாய் இறப்பதற்கு மூன்று தாமதங்கள் காரணம் என்று வகுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவெடுக்கும் தாமதம் முதலாவது. போய்ச் சேரும் தாமதம் இரண்டாவது. போன பிறகு தக்க கவனிப்புக் கிடைக்கும் தாமதம் மூன்றாவது. இன்று உலகெங்கும் நர்சிங் மாணவர்கள் படிக்கும் பாடம் இது. வைத்தியம் எட்டாத சேரிகளிலும் மலைகளிலும் வீடு வீடாகக் கேள்வி கேட்டு ஆராயும் நர்சுகள் பலர் இந்த அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார்கள்.

ஐடாவின் வாழ்க்கையை இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். திண்டிவனத்து இரவு முதல் தாமதம். அதற்காக டாக்டரானார். குடியாத்தம் சாலை இரண்டாம் தாமதம். அதற்காக மரத்தடிக்குப் போனார். ஆஸ்பத்திரி வாசலில் கை போதாமை மூன்றாம் தாமதம். அதற்காக நர்சுப் பள்ளியும் மருத்துவப் பள்ளியும் கண்டார். பெயர் சூட்டப்படுவதற்கு முன்பே மூன்றையும் எதிர்த்துப் போராடியவர் அவர்.

வேலை முடிந்துவிடவில்லை. 1977-ல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் கிராம மக்களுக்காகத் தனிப் பிரிவு ஒன்றைக் கல்லூரி தொடங்கியது. வேலூரிலிருந்து அதிக தூரமில்லாத ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு, பாதையும் வண்டியும் இல்லாத இடத்தில், அந்த ஆஸ்பத்திரி இன்னும் தூரம்தான். கல்கத்தாவிலிருந்து வீட்டை அடகு வைத்தாவது ரயிலேறி வருபவருக்கு 1,800 கிலோமீட்டர் கிட்ட இருக்கிறது. மலையில் இருப்பவருக்கு மலைப்பாதை எட்டாக்கையாக இருக்கிறது. கிலோமீட்டரை மட்டும் எண்ணினால் இது புரியாது.

சலோமியின் வேலை

நம் டாலிகஞ்சுக்கே திரும்புவோம். தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புக்கு வந்த ஒரு குடும்பம். கணவர் வேலைக்குப் போய்விடுகிறார். மனைவிக்கு வங்காளி தெரியாது, இந்தியும் தெரியாது. காய்ச்சலோ, பெண்களுக்கே உரிய உபாதையோ வருகிறது. இலவச ஆஸ்பத்திரி பஸ் தூரத்தில்தான். ஆனால் எந்த ஜன்னலில் சீட்டு வாங்குவது, டாக்டர் கேட்பதற்கு என்ன பதில் சொல்வது? கணவர் கூட வந்தால் ஒரு நாள் கூலி போகும். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைத் தள்ளுவார். மாதம் ஓடும். இந்தச் சுவர் கல்கத்தா நகரின் நடுவிலேயே நிற்கிறது.

வேலூர் போகும் வங்காளிக்கு நாம் தாளில் எழுதிக் கொடுக்கிறோம். நம்மவருக்கு இங்கே எழுதிக் கொடுப்பவர் யார்?

2005 முதல் நாடெங்கும் ஆஷா ஊழியர்கள் என்ற பெண்கள் வீடு வீடாகப் போகிறார்கள். கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வது அவர்கள் வேலைகளில் ஒன்று. தமிழ்நாட்டில் கிராம சுகாதார நர்சுகள் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் சலோமியின் வாரிசுகள். ஆனால் அரசாங்க ஊழியர் வந்து கதவைத் தட்டும் வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. வங்காளி பேசத் தெரிந்த ஒரு தமிழ்ப் பெண், பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை நேரம் சீட்டு ஜன்னல் வரிசையில் நின்றால் போதும். லீவு எடுக்க முடிந்த ஒரு குமாஸ்தா, லீவு எடுக்க முடியாத ஒரு தொழிலாளியின் தாயாரோடு டாக்டர் அறைக்குள் போய்வந்தால் போதும்.

ஐடா அம்மையாரைப் போல ஆஸ்பத்திரி கட்ட எல்லாராலும் முடியாது. அந்தப் பத்தடி அறையில் அவருக்குப் பக்கத்தில் சலோமி நின்றார். அந்த இடத்தில் நிற்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை.